பைசாவும் பிடி தானியமும்: மராத்திய மண்ணில் சிறுகொடையின் வரலாறு

கொடை என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுவோர் வள்ளல்கள். முல்லைக்குத் தேரீந்த பாரியும், மயிலுக்குப் போர்வையளித்த பேகனும், ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானும் நம் பள்ளிப் பருவத்திலேயே நமக்கு அறிமுகமாகிவிடுகின்றனர். இப்பெருமை நமக்கு உரியதே. எனினும் இப்பெருமையினூடே ஒரு பழக்கமும் நம்மிடம் வேரூன்றிவிட்டது. ஒரு பொதுப்பணி தொடங்க வேண்டுமாயின், 'யாரேனும் ஒரு பெரிய மனிதரைப் பார்ப்போம்' என்பதே நம் முதற்பேச்சாக இருக்கிறது.

திருவள்ளுவரோ ஈகை என்னும் அதிகாரத்தை வகுப்பதற்கு முன்னரே ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். இவ்விரண்டும் ஒன்றல்ல. இல்லாதவர்க்கு உள்ளவர் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்பவர் ஊர்ப் பொதுவுக்குத் தம் பங்கைச் செய்வது ஒப்புரவு. ஈகைக்கு ஒரு வள்ளல் போதும். ஒப்புரவுக்கு ஊரே வேண்டும்.

நம் ஊரை விட்டு வந்து, பிற மொழி வழங்கும் நிலத்தில் நாம் நடத்தும் சங்கங்களும், பள்ளிகளும், நூலகங்களும் எதன்மேல் நிற்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் இது. பெரும்பாலான சிறு சங்கங்களில் நான்கு புரவலர்களும், ஆண்டு மலரின் சில விளம்பரப் பக்கங்களுமே வரவின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. அப்புரவலர் ஓய்வு பெற்று ஊர் திரும்பினாலோ, அவ்விளம்பரதாரர் தொழிலை மாற்றிக்கொண்டாலோ, வகுப்பறையில் விளக்கெரியுமா என்பதே ஐயமாகிவிடுகிறது. இந்நிலைக்கு மருந்து வெகு தொலைவில் இல்லை. நாம் வந்து குடியேறியிருக்கும் இம்மராத்திய மண்ணின் கடந்த நூற்றாண்டு வரலாற்றிலேயே அது இருக்கிறது. பெருஞ்செல்வர் துணையின்றித் தொடங்கி, நூறாண்டு கடந்தும் நிலைத்து நிற்கும் நிறுவனங்கள் இங்குப் பல. அவற்றைக் கட்டியெழுப்பிய சிறுகொடையின் கதையைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பைசா நிதி

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில், அந்தாஜி தாமோதர் காளே என்பவர் மராத்திய நாட்டில் ஒரு விந்தையான வேண்டுகோளுடன் புறப்பட்டார். நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரே ஒரு பைசா கொடுத்தால் போதும். அதைக் கொண்டு சுதேசித் தொழில்களை வளர்க்கலாம் என்பதே அவ்வேண்டுகோள்.

கணக்கில் பழகியவர்கள் இதைச் சற்றே போட்டுப் பார்க்கலாம். அக்காலத்து ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்கு நான்கு பைசா. ஆக ரூபாய்க்கு 64 பைசா. 1901-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இந்தியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 29 கோடி. தலைக்கு ஒரு பைசா என்றால் ஆண்டொன்றுக்கு 45 இலட்சம் ரூபாய்க்கு மேல் சேரும். அந்நாளில் இது ஒரு பேரரசரின் கருவூலத்துக்கு நிகரான தொகை. எந்த ஏழைக்கும் பாரமில்லாத ஒரு காசிலிருந்து அது பிறக்கக்கூடும் என்பதே அத்திட்டத்தின் கவர்ச்சி.

முழுத்தொகை ஒருபோதும் திரளவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நாட்டிலுள்ள வீடுகள் அனைத்தின் வாயிலிலும் போய் நிற்க ஆட்கள் ஏது? ஒரு பைசாவை வாங்கச் செல்பவரின் வழிச்செலவே ஒரு பைசாவை விஞ்சிவிடும். ஆகவே மக்கள் தாமாகவே ஓரிடத்தில் கூடும் திருவிழாக்களிலும் கூட்டங்களிலும் தொண்டர்கள் இந்நிதியைத் திரட்டினர். லோகமான்ய திலகர் இம்முயற்சிக்குத் துணை நின்றார். இவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்ந்த பணத்தைக் கொண்டு, 1908-ஆம் ஆண்டில் புனேவுக்கு அருகிலுள்ள தளேகாவ் என்னும் ஊரில் பைசா நிதிக் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. கண்ணாடித் தொழிலை வெளிநாட்டில் கற்றுவந்த ஈசுவரதாஸ் வார்ஷ்ணே அதற்குப் பொறுப்பேற்றார். அது தொழிற்சாலை மட்டுமன்றித் தொழிற்பள்ளியாகவும் விளங்கியது. அங்குப் பயின்றவர்கள் நாட்டின் பல பகுதிகளிலும் எழுந்த கண்ணாடித் தொழிற்கூடங்களுக்குச் சென்று பணிபுரிந்தனர்.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஒரு பைசா கொடுத்தவர் அத்தொழிற்சாலையின் விளக்குக் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது 'இது என் பைசா' என்று சொல்லிக்கொள்ளலாம். இலட்சம் கொடுத்தவருக்குக் கிட்டும் பெருமிதம் பைசா கொடுத்தவருக்கும் கிட்டியது. சிறுகொடையின் முதல் வலிமை இதுவே.

முருட் நிதியும் கைம்பெண்கள் இல்லமும்

பைசா நிதிக்கு முன்பே இவ்வழியில் நடக்கத் தொடங்கியவர் தோண்டோ கேசவ் கார்வே. மகரிஷி கார்வே என்று நாம் தெருப்பெயரில் காணும் அதே பெருமகனார். 1858-ஆம் ஆண்டு கொங்கணக் கரையில் பிறந்து, முருட் என்னும் சிற்றூரில் வளர்ந்து, 1884-இல் பம்பாயில் கணிதத்தில் பட்டம் பெற்றவர். பம்பாயில் வாழ்ந்த நாளில் அவர் செய்த ஒரு சிறு செயல் வெளியூர்வாழ் மக்களாகிய நமக்கு மிகவும் நெருங்கியது. தம் ஊரிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்களை ஒன்றுதிரட்டி, அவரவர் வருவாயிலிருந்து ஒரு சிறு பங்கை ஒதுக்கச் செய்து, பிறந்த ஊரின் நலனுக்காக 'முருட் நிதி' என ஒன்றை அவர் தொடங்கினார். ஊரை விட்டு வந்தவர்கள் ஊரை மறவாதிருக்க ஒரு வழி அது.

ஆனால் அதே முருட் ஊர் பின்னர் அவரைத் தள்ளி வைத்தது. முதல் மனைவியை 1891-இல் இழந்த கார்வே, 1893-இல் கோதுபாய் என்னும் கைம்பெண்ணை மணந்தார். ஆனந்திபாய் என்று பெயர் பெற்ற அவ்வம்மையாரை அனைவரும் பாயா கார்வே என்று அன்புடன் அழைத்தனர். கைம்பெண் மணத்தை ஊரார் பொறுக்கவில்லை. கார்வே ஊர்விலக்குக்கு ஆளானார். அவர்தம் தாயாரும் உறவினரும்கூட அவருடன் ஒட்டி உறவாட இயலாத நிலை ஏற்பட்டது.

இத்தகைய ஒருவர் பொதுமக்களிடம் போய்ப் பணம் கேட்டால் கொடுப்பவர் யார்? கார்வே புனேயில் பெர்கூசன் கல்லூரிக் கணிதப் பேராசிரியர். பொருள் வளம் மிக்கவர் அல்லர். பேச்சாற்றலால் கூட்டத்தை மயக்குபவரும் அல்லர். மெல்லிய குரலும் எளிய தோற்றமும் உடையவர். 1896-ஆம் ஆண்டில் கைம்பெண்களுக்குக் கல்வியளிக்கும் இல்லம் ஒன்றைத் தொடங்க அவர் முனைந்தபோது, முதலில் திறக்கப்பட்டது அவருடைய சொந்தப் பைதான். தம் சேமிப்பை இல்லத்துக்கு அளித்தார். தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையும் அதற்கே எழுதி வைத்தார். 'நீ என்ன கொடுத்தாய்?' என்னும் வினாவை எவரும் எழுப்ப வழியில்லாமற் செய்துவிட்டே அவர் பிறர் வாயிலில் போய் நின்றார்.

அவர் மேற்கொண்ட இரண்டாவது முடிவு அதனினும் கடினமானது. கைம்பெண் மணத்தை ஆதரித்தவர் அவர். தாமே அதற்கு எடுத்துக்காட்டானவர். ஆயினும் கைம்பெண்களின் கல்விக்கான இல்லத்தை மறுமணப் பிரசாரத்தினின்று பிரித்தே வைத்தார். மறுமணத்தை எதிர்ப்பவருள்ளும், ஆதரவற்ற ஓர் இளம்பெண் எழுத்தறிவு பெற்றுத் தன் காலில் நிற்பதை விரும்புவோர் பலர் இருந்தனர். அவர்களுடைய கொடையும் அன்பும் இல்லத்துக்கு வேண்டுமாயின், இல்லத்தின் நோக்கம் ஐயத்துக்கு இடமின்றி ஒன்றாக இருத்தல் வேண்டும். சீர்திருத்தக்காரர்களுள் சிலர் இதைக் கோழைத்தனம் என்று இகழ்ந்தனர். கார்வே பொறுத்துக்கொண்டார். 'என் பணம் எதற்குச் செலவாகும்?' என்று கேட்பவருக்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்ல அவரால் முடிந்தது.

அக்காலத்தில் புனே நகரைப் பிளேக் நோய் வாட்டியது. இல்லத்தை நகருக்கு வெளியே கொண்டு செல்ல நேர்ந்தது. இராவ் பகதூர் கணேச கோவிந்த கோகலே என்பவர் ஹிங்கணே என்னும் சிற்றூரில் 6 ஏக்கர் நிலமும் 750 ரூபாயும் அளித்தார். 1900-ஆம் ஆண்டில் அங்கு ஒரு குடிசை எழுந்தது. பகலெல்லாம் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு, மாலையில் சேறும் சகதியுமான பாதையில் சில மைல் தொலைவு நடந்து சென்று, குடிசையிலிருந்த பெண்களுக்குப் பாடம் சொன்னார் கார்வே. விடுமுறை நாள்கள் நிதி திரட்டும் பயணங்களில் கழிந்தன. அந்தக் குடிசை நின்ற இடத்தைச் சுற்றியே இன்றைய கார்வேநகர் விரிந்து கிடக்கிறது.

கேட்கத் துணிந்த பெண்மணி

கார்வேயின் பெயர் ஒளி வீசுமளவு பார்வதிபாய் ஆட்டவலே என்னும் அம்மையாரின் பெயர் நம்மிடையே பரவவில்லை. பாயா கார்வேயின் உடன்பிறந்தவர் இவர். 1870-இல் கொங்கணத்தில் பிறந்து, இருபது வயதளவில் கணவனை இழந்தவர். முறையான பள்ளிப் படிப்பு இளமையில் வாய்க்கப் பெறாதவர். ஹிங்கணே இல்லத்தில் சேர்ந்து கற்று, அங்கேயே பணியாற்றி, பின்னர் இல்லத்துக்காக ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டும் பொறுப்பை ஏற்றார்.

ஒரு கைம்பெண் சபையில் தோன்றுவதே தீநிமித்தம் என்று எண்ணப்பட்ட காலம் அது. அக்காலத்துக் கைம்பெண்களுக்கு விதிக்கப்பட்ட மழித்த தலையுடனேயே அவர் பல ஆண்டுகள் கூட்டங்களில் எழுந்து பேசினார். அவர் தமக்காக எதையும் கேட்கவில்லை. தம்மைப் போன்ற இளம்பெண்கள் அடுக்களை மூலையில் அழுது மடியாதிருக்க ஒரு வழியைக் கேட்டார். கேட்டவரின் வாழ்க்கையே கேட்கப்படும் பொருளுக்குச் சான்றாக நின்றது. ஆண்கள் மட்டும் சென்று கேட்டிருந்தால் வீட்டின் கூடம்வரைதான் வேண்டுகோள் எட்டியிருக்கும். பார்வதிபாய் கேட்டதால் அடுக்களைவரை எட்டியது. வீட்டில் உண்மையான வரவு செலவு யார் கையில் இருக்கிறது என்பது நம் இல்லத்தரசிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாற்பத்தெட்டு வயதில், 1918-ஆம் ஆண்டில், ஆங்கிலம் கற்கவேண்டும் என்னும் வேட்கையால் அமெரிக்கா சென்று, அங்கு வீட்டு வேலை செய்து பிழைத்து, 1920-இல் திரும்பி வந்து மீண்டும் இல்லத்துக்கே உழைத்தார். அவர் மராத்தியில் எழுதிய தன்வரலாறு 1928-இல் வெளிவந்தது.

பெருங்கொடை எப்போது வந்தது?

1915-ஆம் ஆண்டில் சமூகச் சீர்திருத்த மாநாட்டுத் தலைமையுரையில், பெண்களுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று கார்வே அறிவித்தார். ஜப்பானில் இயங்கிய பெண்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றிய ஒரு சிறு நூல் அவருக்கு அவ்வெண்ணத்தை ஊட்டியது. மறு ஆண்டே, 1916-இல், தாய்மொழிவழிக் கல்வியை அடிப்படையாகக் கொண்டு அப்பல்கலைக்கழகம் தொடங்கியது. அரசின் அங்கீகாரம் இல்லை. ஆதலால் மக்களின் ஆதரவே மூலதனம். ஆண்டுதோறும் சிறு சந்தா செலுத்துவோருக்குப் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வழங்கப்பட்டது. கொடுத்தவரைக் கைதட்ட மட்டும் அழைக்காமல், கருத்துச் சொல்லவும் அழைத்த ஏற்பாடு இது.

1920-ஆம் ஆண்டில் பம்பாய்ப் பெருவணிகர் சர் விட்டல்தாஸ் தாக்கர்சே 15 இலட்சம் ரூபாய் அளித்தார். அவர்தம் அன்னையாரின் பெயரால் அது ஸ்ரீமதி நாதிபாய் தாமோதர் தாக்கர்சே பல்கலைக்கழகம் ஆயிற்று. எஸ்.என்.டி.டி. என்று இன்று நம் வீட்டுப் பெண்கள் பலர் பயிலும் பல்கலைக்கழகம் அதுவே. 1936-இல் அதன் தலைமையிடம் புனேயிலிருந்து பம்பாய்க்கு மாறியது. 1951-இல் சட்டப்படியான அங்கீகாரம் கிடைத்தது.

பதினைந்து இலட்சம் வந்தது இல்லம் தொடங்கி இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே என்பதை நாம் மறத்தலாகாது. அணாவும் ரூபாயுமாகக் கொடுத்த பல்லாயிரவர் முன்னே நின்றனர். வள்ளல் பின்னே வந்தார். பலர் நம்பிய இடத்தில்தான் பெருஞ்செல்வரும் நம்பிப் பணத்தை வைப்பார். நாமோ பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, வள்ளலை முதலில் தேடிவிட்டு மக்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.

பெருங்கொடை வந்த பின்னும் கார்வே ஓய்ந்துவிடவில்லை. எழுபது வயதைக் கடந்து 1929-இல் உலகப் பயணம் புறப்பட்டார். அடுத்து ஆப்பிரிக்காவுக்குச் சென்று, அங்குக் குடியேறி வாழ்ந்த இந்தியரிடம் பல்கலைக்கழகத்துக்கு நிதி கேட்டார். 1936-இல், 78-ஆம் வயதில், பள்ளியில்லாச் சிற்றூர்களுக்குத் தொடக்கக் கல்வி அளிக்க ஒரு மன்றம் நிறுவி, தம் சிறிய ஓய்வூதியத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கி, மீண்டும் வீடு வீடாக நடந்தார். 1958-இல், தம் நூறாவது வயதில் பாரத ரத்னா விருது பெற்றார், 1962-இல் மறைந்தார்.

பிடி தானியம்

புனேயில் படித்தவர்களிடம் ரூபாயும் அணாவும் கேட்கலாம். காசே கண்ணிற்படாத உழவர் வீட்டில் எதைக் கேட்பது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் சாதாரா மாவட்டத்துக் கர்மவீரர் பாவுராவ் பாட்டீல். 1887-இல் பிறந்த அவர் கிர்லோஸ்கர் கலப்பைகளை ஊர் ஊராகக் கொண்டு சென்று விற்பனை செய்தவர்; ஆதலால் உழவரின் வீடும் மனமும் அவருக்கு நன்கு தெரிந்தவை. 1919-ஆம் ஆண்டில் காளே என்னும் சிற்றூரில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்னும் குடியானவர் கல்விக் கழகத்தை நிறுவினார். 1924-இல் அது சாதாராவுக்கு இடம் மாறியது. எல்லாச் சாதி மாணவரும் ஒரே கூரையின்கீழ் உண்டு உறைந்து படிக்கும் விடுதியை அங்கு நடத்தினார். 1927-இல் காந்தியடிகள் வருகை தந்து அவ்விடுதிக்குச் சத்ரபதி சாகு மகாராஜரின் பெயரைச் சூட்டினார்.

விடுதிப் பிள்ளைகளின் பசி தீர்க்க அவர் கண்ட வழி 'முஷ்டி நிதி'. முஷ்டி என்றால் பிடி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி தானியம் பள்ளிக்கென எடுத்து வைக்கப்பட்டது. நம் வீடுகளில் உலையிலிடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஒரு பிடி குறைவதால் எந்த வீட்டிலும் பசி கூடுவதில்லை; நூறு வீட்டுப் பிடி ஒரு விடுதியை ஊட்டிவிடும். ஆயினும் எல்லா மாதமும் பிடி தானியம் போதுமானதாக இருந்ததில்லை. அந்நாள்களில் அவர்தம் துணைவியார் இலட்சுமிபாய் தம் நகைகளைக் கொடுத்தார். ஈற்றில் தம் மங்கல நாணையும் கழற்றிக் கொடுத்துப் பிள்ளைகளுக்குச் சோறிட்டார். 1930-இல் அவ்வம்மையார் மறைந்தார். ஊரார் இதை அறிவர். அறிந்த ஊரார் பிடி தானியத்தை எப்படி மறுப்பர்?

இக்கொடையின் வலிமை 1948-இல் சோதிக்கப்பட்டது. பாவுராவ் ஆட்சியாளரைக் கடிந்து பேசியதன் விளைவாக அவர்தம் கழகத்துக்கு அரசு மானியம் நிறுத்தப்பட்டது. ஒரே கையை நம்பியிருந்த நிறுவனமாயின் அன்றே கதவடைத்திருக்கும். மக்கள் கை கொடுத்தனர், பள்ளிகள் நடந்தன, மானியமும் பின்னர்த் திரும்பி வந்தது. பாவுராவ் 1959-இல் மறைந்த பின்னும் அக்கழகம் பல நூறு பள்ளிகளையும் பல கல்லூரிகளையும் நடத்தும் பெருமரமாக வளர்ந்து நிற்கிறது.

நம் வரலாற்றிலும் இரு வழிகள்

இவ்விரு வழிகளையும் தமிழ்ப்பணியின் வரலாற்றிலும் காணலாம். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, டாக்டர் உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர். அச்சுக்கூலிக்கும் தாளுக்கும் வேண்டிய பொருளைத் திரட்ட, நூலை வாங்க முன்வருவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றார். விடுமுறை நாள்களில் அலைந்து திரிந்து அன்பர்களைச் சந்தித்தார். இலக்கியப் புதையல் ஒன்று அச்சேற ஆதீனத்தார் ஆதரவும் இருந்தது. பலர் இட்ட சிறு கையொப்பங்களும் இருந்தன.

1901-ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் மற்றொரு வழிக்குச் சான்று. சேதுபதி மரபின் வள்ளன்மை அதைத் தாங்கியது. 'செந்தமிழ்' இதழும், தேர்வுகளும், சுவடித் தொகுப்பும் அவ்வள்ளன்மையின் கனிகள். அத்தொண்டுக்குத் தமிழுலகம் என்றும் கடப்பாடுடையது. எனினும் 1911-இல் தேவரவர்கள் மறைந்தபோது சங்கம் அடைந்த இழப்பு, ஓர் அன்பரை இழந்த இழப்பினும் பெரிது. வள்ளலின் ஆயுளே சங்கத்தின் ஆயுளாகிவிடும் ஆபத்தை அது நமக்குக் காட்டிச் சென்றது.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாறுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சில செய்திகள் தெளிவாகின்றன. கேட்பவர் முதலில் கொடுத்தவராக இருத்தல் வேண்டும். செயற்குழுவினர் தம் சந்தாவை ஏப்ரல் மாதத்திலேயே செலுத்திவிட்டு ரசீதுப் புத்தகத்தைக் கையிலெடுத்தால் அப்புத்தகத்துக்கே தனி மதிப்பு உண்டாகும். அடுத்து, நோக்கம் ஒன்றாகவும் தெளிவாகவும் இருத்தல் வேண்டும். 'தமிழ் வளர்ச்சிக்கு' என்று கேட்பதைவிட, 'ஞாயிறு தமிழ் வகுப்பின் ஆசிரியர் ஊதியத்துக்கு' என்று கேட்டால் கொடுப்பவர் மனத்தில் ஐயம் எழாது. மூன்றாவது, ஐந்து ரூபாய்க்கும் ரசீதும் கணக்கும் வேண்டும். அலுவலகத்தில் நாள்தோறும் கோப்புகளோடு உறவாடும் நம்மவருக்கு இது கைவந்த கலை. ஆண்டறிக்கையில் பெரிய தொகை கொடுத்தவரின் படத்தை அச்சிட இடமிருந்தால், சிறு தொகை கொடுத்தவரின் பெயரை அச்சிடவும் இடமிருக்க வேண்டும்.

நான்காவது, ஒருமுறை கொடுத்தவரிடம் மீண்டும் போக வேண்டும். பணம் கேட்பதற்கு மட்டும் செல்லக்கூடாது. கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று சொல்வதற்கும் செல்ல வேண்டும். தீபாவளிக்கு ஒருமுறை கதவைத் தட்டும் சங்கத்தைக் காட்டிலும், பிள்ளையின் தமிழ்க் கையெழுத்தை எடுத்துவந்து காட்டும் சங்கத்துக்குக் கதவு விரைவில் திறக்கும். ஐந்தாவது, கொடுப்பவருக்குச் சங்க நடவடிக்கைகளில் குரல் இருக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு. இருநூறு குடும்பங்கள் மாதம் நூறு ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 20,000 ரூபாய். ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். இதை ஒரே புரவலர் கொடுத்தால் அவர் விலகும் ஆண்டில் வரவு சூன்யம். இருநூறு பேர் கொடுத்தால், அவ்வாண்டு இருபது பேர் மாற்றலாகிப் போனாலும் 2,16,000 ரூபாய் கையிலிருக்கும். புதிதாக மாற்றலாகி வரும் இருபது பேரை நாடிச் சென்றால் குறையும் நிரம்பும். மாற்றல் என்பது நம் வாழ்வின் விதி. அவ்விதிக்கு ஈடுகொடுக்கும் வலிமை பலர் கொடுக்கும் சிறுகொடைக்கே உண்டு. அந்நாளில் பைசா வாங்கச் செல்பவரின் வழிச்செலவு பெருந்தடையாக இருந்தது. 2016-இல் யூ.பி.ஐ. வந்தபின், கைப்பேசியிலிருந்தே நூறு ரூபாயை அனுப்பிவிட முடிகிறது. அந்தாஜி காளே கனவிலும் காணாத வசதி இது.

அரசுப் பணியிலுள்ள அன்பர்களுக்கு ஒரு சொல். 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 12-ஆம் விதி, முன் அனுமதியின்றி எந்த நோக்கத்துக்காகவும் நிதி கேட்பதையோ, பெறுவதையோ, திரட்டுவதில் பங்கேற்பதையோ தடுக்கிறது. ஆகவே ரசீதுப் புத்தகத்தை ஏந்த விழைவோர் முதலில் உரிய அதிகாரியிடம் அனுமதி பெறுவதே முறை. ஆனால் அறப்பணிக்குத் தம் சந்தாவைச் செலுத்துவதை மட்டும் அவ்விதி குற்றமாகக் கொள்வதில்லை. 'நான் அரசு ஊழியன், இதிலெல்லாம் தலையிட முடியாது' என்று கைவிரிப்பவர்களுக்கு விதிப்புத்தகம் துணை வராது. கேட்கும் பொறுப்பை அனுமதி தேவைப்படாத நம் இல்லத்தரசிகளும், ஓய்வு பெற்ற பெரியவர்களும், தனியார் துறையிலுள்ள இளைஞர்களும் ஏற்கலாம். பார்வதிபாய் காட்டிய வழி அவர்களுக்கு முன் இருக்கிறது.

இங்குப் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் தாமே கற்றுக்கொள்வர். தெருவும் பள்ளியும் அவற்றைக் கற்பித்துவிடும். தமிழை எழுதவும் படிக்கவும் கற்பிக்க, வீட்டுக்கு வெளியே அவர்களுக்கு இருப்பது ஒரு சிறு வகுப்பறையும் ஒரு நூலக அலமாரியுமே. அவ்வகுப்பறை அடுத்த ஆண்டும் திறந்திருக்குமா என்பது ஒரு வள்ளலின் மனத்தையும் உடல்நலத்தையும் பொறுத்ததாக இருத்தலாகாது. உலை வைக்கும் முன் எடுத்து வைத்த ஒரு பிடியும், சந்தைக்குப் போகும் முன் ஒதுக்கிய ஒரு பைசாவும் ஊர்களுக்குப் பள்ளிகளைத் தந்திருக்கின்றன. மாதத் தொடக்கத்தில் பால் கணக்கும் பத்திரிகைக் கணக்கும் எழுதும் நம் வீட்டுக் குறிப்பேட்டில், சங்கத்துக்கென்றும் ஒரு வரி எழுதப்படட்டும்.